ராஜா நிற்கும் ஓவியத்தில் செண்பகவல்லி

செண்பகவல்லியின் காரியம் முடிந்த மறுநாள் அவளை அரண்மனை ஓவியத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இறந்தவர்களை வைக்கிற இடம் அதுதான். அரண்மனை மேல்மாடி மண்டபத்தின் மேற்குச் சுவர் முழுவதும் அந்த ஓவியம் இருக்கிறது. ஆட்கள் கூடக்கூட ஓரத்தில் துணியை ஒட்டுப்போட்டு நீட்டுவார்கள். சுவரும் அதற்குத் தக்கபடி நீண்டு கொடுக்கும்.

கீழே பித்தளைத் தகட்டில் பெயர் இருக்கிறது: ‘மகாராஜா குடிகளுக்குச் சட்டப் புத்தகம் வழங்குதல்.’ வரைந்தவர் பெயர் இல்லை. அவரும் கூட்டத்தில் எங்கோ நிற்பதாகச் சொல்வார்கள்.

ஓவியத்தில் ராஜா சிம்மாசனத்துக்கு முன்னால் நிற்கிறார். சிவப்பு அட்டை போட்ட தடித்த புத்தகத்தை இரண்டு கைகளாலும் நீட்டியிருக்கிறார். அவருக்கு எதிரே இரண்டு பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்க நிற்கிறது. புத்தகத்துக்கும் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. யாருடைய கையும் நீளவில்லை.

மண்டபத்துக் காவலர் பெயர் ஐகோர்ட்துரை. அது அவருடைய குலசாமியின் பெயர். அவர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலையில் ஓவியத்தின் பக்கம் இருக்கும் நாற்காலி மெல்ல நகர்ந்து மாலையில் வாசலை அடையும். அது வாசலுக்கு வந்ததும் அவர் எழுந்து மண்டபத்தைச் சாத்துவார்.

“வாங்க அண்ணாச்சி” என்றார். “மதினியப் பாக்கவா? இடது பக்கத் தூணுக்கு அந்தால, குடைக்காரருக்குப் பின்னாடி நிக்காவ. நல்ல எடம். நெழலு.”

பார்த்தேன். அவள்தான். கடைச் சீருடைச் சேலையில் இருந்தாள். கத்தரிப்பூ நிறம், வெள்ளைக் கரை. நான் வீட்டிலிருந்து பட்டுச்சேலை கொடுத்தனுப்பியிருந்தேன். அதை யாரும் உடுத்திவிடவில்லை.

“எல்லாருக்கும் வேலை பாத்த உடுப்புதான்” என்றார் ஐகோர்ட்துரை. “கொத்தனாரு கரண்டியோட நிக்காரு, பாத்தியளா?”

நான் கொத்தனாரைப் பார்க்கவில்லை. செண்பகவல்லி தன் எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினாள். ஓவியத்தில் வேறு எதுவும் அசையவில்லை.

அவள் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தாள். அதே கடையில் நான் பில் போட்டேன். விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் முறை. வாடிக்கையாளர் வரும்போது விற்பவள் உட்கார்ந்திருந்தால் லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள் என்று முதலாளி நம்பினார். சுவர் நெடுகக் கேமரா இருந்தது. அவர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. கேட்ட நிறம் கீழ் அடுக்கில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து தேடுவார்கள். நிறம் கையிலேயே இருக்கும். இருந்தாலும் தேடுவார்கள்.

அவளுடைய கால்களில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டிருந்தன. ஒரு முகூர்த்த நாள் காலையில், விரித்த சேலையோடு அவள் விழுந்தாள். முந்தானையைக் காட்டுகிறாள் என்று நினைத்த வாடிக்கையாளர், நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

ஓவியத்தில் கீழ் அடுக்கு எதுவும் இல்லை. தரை வழவழவென்று இருந்தது.

“உள்ள ஒரு ஸ்டூல் போட முடியுமா?” என்று ஐகோர்ட்துரையிடம் கேட்டேன்.

“ஸ்டூலா? ராஜா நிக்கும்போது யாரும் உக்காரப்படாது அண்ணாச்சி.”

“ராஜா எப்ப உக்காருவாரு?”

“கையில இருக்க பொஸ்தகத்த யாராவது வாங்கணும். அப்பந்தான் உக்காருவாரு.”

“பொஸ்தகத்துல என்ன இருக்கு?”

“மொதப் பிரிவே அதான். நிக்கிறவுக எல்லாம் உக்காரலாம். ஊருக்கே தெரியும். ஆனா வாங்காத சட்டம் சட்டமாவுமா? கடையில கெடக்க சேல நம்ம சேலயாவுமா?”

“ஏன் யாரும் வாங்கல?”

அவர் நீளக் கம்பால் முன்னால் நிற்கிற இரண்டு பேரையும் தொட்டுக் காட்டினார். தலைப்பாகை கட்டியவர் மேலத்தெரு. வெள்ளிப் பூண் போட்ட கம்பு வைத்திருப்பவர் கீழத்தெரு. முதல் மரியாதை யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. முதலில் வாங்குகிறவரின் தெருதான் முதல் தெரு. ஒருமுறை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவது என்று பேசி முடித்தார்களாம். யாருடைய கட்டைவிரல் மேலே இருப்பது என்று கேள்வி வந்தது. அன்று கையை இழுத்துக்கொண்டவர்கள்தான்.

“நீங்க வேணும்னா அதிகாரியப் போயிப் பாருங்க” என்றார். “நடையோட கடேசியில இருக்காவ. தண்ணி கொண்டு போங்க.”

சம்பிரதாயத் தாவா அலுவலகத்துக்குப் போகும் நடை, நடக்க நடக்க நீண்டது. அரசு அலுவலகங்களின் நடைகள் எல்லாம் அப்படித்தான். சுவரோரமாக ஆட்கள் காத்திருந்தார்கள். சிலர் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒரு குடும்பம் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தது. அது மரமாகிக் கூரையில் தலை இடித்து வளைந்திருந்தது. அந்த வீட்டு அம்மா எனக்கு ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். “உங்களுக்கு எவ்வளவு தூரம்னு தெரியல. வச்சிக்கிடுங்க” என்றார். நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி ஒரு பீரோவாக இருந்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பீரோ. கதவில் கண்ணாடி பதித்திருந்தது. பதவி உயர்வு வந்ததிலிருந்து அம்மா இப்படித்தான் இருக்கிறார் என்று வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். கைப்பிடியில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

“வணக்கம்மா” என்றேன். கண்ணாடியில் நானும் எனக்கு வணக்கம் சொன்னேன்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. “சொல்லுங்க.”

“என் வீட்டம்மா ஓவியத்துல நிக்கா. காலு முடியாதவ. உக்காரணும்.”

“உத்தரவு தெளிவா இருக்கு. முதல் மரியாதைத் தாவா தீர்ற வரைக்கும் எல்லாம் இருக்கிறபடியே இருக்கணும்.”

“அவ நிக்காம்மா.”

“நிக்கிறபடியே நிக்கணும்.”

“தாவா எப்ப தீரும்?”

கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. யோசிக்கிறார் என்று வாசலில் இருந்த பெண் சைகை செய்தாள். பிறகு கதவு திறந்தது.

“நீங்க எந்தத் தெரு?”

“தெரு இல்லம்மா. நாங்க வெளியூரு. கடை குடோனுக்கு மேல ஒரு ரூம். கடைப் பேருதான் விலாசம்.”

“கோயில் வரி எந்தத் தெருவுல குடுத்தீங்க?”

“எந்தத் தெருவுலயும் வாங்கல. கோயில் கொடைக்கு மேலத்தெருக்காரங்க வருவாங்க. எங்க படியப் பாத்துட்டு, இது கீழத்தெருக் கணக்குன்னு போயிருவாங்க. கீழத்தெருக்காரங்க வருவாங்க. இது மேலத்தெருக் கணக்குன்னு போயிருவாங்க. எங்க வீட்டம்மா தட்டுல தேங்கா பழத்தோட வாசல்ல நிப்பா. அதையும் வாங்க மாட்டாங்க.”

பீரோவுக்குள் ஹேங்கர்கள் மறுபடியும் மோதிக்கொண்டன. பிறகு முன்னைவிடத் தணிந்த குரலில் பேசியது.

“உத்தரவு வரி குடுத்தவங்களுக்குத்தான். வரி இல்லாதவரு வழக்குல கட்சியே இல்ல. நீங்க கை நீட்டுனா யாருக்கும் மரியாதை போகாது.”

“அப்ப நான் வாங்கலாமா?”

“வாங்கலாம். ஆனா ஒண்ணு. ராஜா கையால வாங்குனவரு ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. உங்க கையிலேருந்து அடுத்தவரு வாங்குற வரைக்கும் முகத்தத் திருப்பாம நிக்கணும்.”

“அடுத்தவரு யாரு?”

“அது இரண்டாம் மரியாதை. அதுக்குத் தனி வழக்கு நடக்குது.”

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. மழிக்காத தாடி மட்டும் இருந்தது.

“உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு” என்றது பீரோ. “தினமும் வந்து அவங்களப் பாத்துட்டுப் போகலாம். மண்டபம் காலையிலேருந்து திறந்திருக்கும். அவங்க நிப்பாங்க. நீங்க பாக்கலாம். நிறைய பேரு அப்படித்தான் செய்றாங்க.”

திரும்பி வரும்போது நடை குட்டையாக இருந்தது. யோசிக்க இடம் போதவில்லை.

“உள்ள போறேன்” என்று ஐகோர்ட்துரையிடம் சொன்னேன்.

“செருப்ப இங்கன விட்டுட்டுப் போங்க. சட்டத்தக் கொஞ்சம் ஏறித்தான் தாண்டணும். என் தோளப் பிடிச்சிக்கிடுங்க.”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மரச்சட்டத்தின்மேல் கால் வைத்து உள்ளே இறங்கினேன். எண்ணெய் வாடை அடித்தது. காற்று இல்லை. தூரத்தில் நிற்பவர்களுக்கு முகம் வரையப்படவில்லை. வெறும் புள்ளிகளாக நின்றார்கள். நான் கடந்து போனபோது புள்ளிகள் வழிவிட்டன.

குடைக்காரரைத் தாண்டியதும் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ, கிட்ட வராதிய” என்றாள். “இன்னும் காயல. சட்டையில ஒட்டிக்கிடும்.”

நின்றேன். அவள் பளபளவென்று ஈரமாக இருந்தாள்.

“லீவு போட்டியளா?”

“இல்ல. கடைக்கே போகல.”

“சாப்பிட்டியளா?”

“கறிவேப்பில இருக்கு” என்று சட்டைப்பையைக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. வெறும் கறிவேப்பிலய மென்னுக்கிட்டு அலையுதியளா? ரூம்ல மாவு புளிச்சிப் போயிருக்குமே. அதத் தூரக் கொட்டுங்க. தோச ஊத்திராதிய.”

“ஊத்திட்டேன்.”

“வயித்த வலிச்சிதா?”

“வலிச்சிது.”

அவள் சிரித்தாள். சிரித்ததில் கன்னத்துச் சாயம் கொஞ்சம் இழுபட்டது. புறங்கையால் அதைச் சரிசெய்துகொண்டாள்.

“இங்கன கடையவிடப் பரவால்லங்க. சேல மடிக்காண்டாம். இன்னுங் கொஞ்சம் கொறச்சிக் குடும்மான்னு யாரும் கேக்கல. ராஜாவும் பாவம், சத்தம் போடமாட்டாரு.”

“காலு?”

அவள் எடையை இடது காலுக்கு மாற்றினாள்.

“காலு வலிக்கா?”

“வலிக்கி” என்றாள். “செத்தா போயிரும்னு நெனச்சேன்.”

நான் பீரோ சொன்னதையெல்லாம் சொன்னேன். அதிகாரி பீரோவாக இருப்பதையும் சொன்னேன். அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. எத்தனை தட்டு என்று மட்டும் கேட்டாள். முதுகு காட்டக் கூடாது என்ற இடம் வந்தபோது கேட்பதை நிறுத்தினாள்.

“அப்பம் நீங்க என்னயப் பாக்க முடியாது.”

“முடியாது.”

“எம்புட்டு நாளைக்கி?”

“ரெண்டாம் மரியாதை யாருக்குன்னு முடிவாகுத வரைக்கும்.”

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். மேலத்தெருக்காரரும் கீழத்தெருக்காரரும் உதடு அசையாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பம் முடியவே முடியாதுன்னு சொல்லுங்க.”

நானும் முன்வரிசையைப் பார்த்தேன்.

“வேண்டாங்க” என்றாள். “நான் நின்னுக்கிடுதேன். எனக்கென்ன, பழக்கந்தான. நீங்க ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வாங்க. பாத்துட்டுப் போங்க.”

“நீ நிக்கிறதப் பாத்துக்கிட்டா?”

“பாத்தா என்ன? இம்புட்டு நாளும் பாக்காமயா இருந்திய?”

“பாக்கல” என்றேன். “பில் போடுற மேச வாசலப் பாத்து இருந்துச்சு. பட்டுப் பிரிவு எனக்குப் பின்னால.”

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியாதாக்கும். நாள் முழுக்க ஒங்க முதுகப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். காலரு நைஞ்சி போனத நான் எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு நெனச்சிய? துவைக்கும்போதா?”

“துவைக்கும்போதுன்னுதான் நெனச்சேன்.”

“மூணு மணிக்கு மேல ஒங்க தல லேசா முன்னால தொங்கும். முழிச்சிக்கிட்டே இருக்க மாதிரி பேனாவ மட்டும் ஆட்டுவிய. எனக்குச் சிரிப்பு வரும். அதப் பாத்துக்கிட்டு நின்னா அர மணி நேரம் ஓடிரும்.”

ஓவியத்துக்கு வெளியே யாரோ இருமினார்கள். ஐகோர்ட்துரையாக இருக்கும்.

“அப்பம் ஒனக்கு ஒண்ணும் மாறாது” என்றேன். “நீ பாக்கலாம். உக்காந்து பாக்கலாம்.”

“ஒங்களுக்கு?”

“எனக்குக் காது கேக்கும்.”

அவள் கண்ணில் நீர் வந்தது. அது கன்னத்தில் இறங்கினால் சாயம் கலைந்துவிடும் என்பதால் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அது உள்ளேயே போய்விட்டது.

“கிட்ட வாங்க” என்றாள்.

“ஒட்டிக்கிடும்னியே.”

“ஒட்டுனா ஒட்டுது. ராஜா முன்னாடி இப்பிடியா போவாக?”

அவள் என் காலரை மடித்து நேராக்கினாள். அவளுடைய விரல் நுனிகள் கொஞ்சம் என் சட்டையோடு வந்துவிட்டன. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“போங்க” என்றாள்.

நான் முன்வரிசைக்குப் போனேன். மேலத்தெருக்காரர் தன் கம்பீரமான வயிற்றால் என்னை மறித்தார்.

“யாருவே நீரு? பின்னால போரும்.”

“பொஸ்தகத்த வாங்க வந்திருக்கேன்.”

கீழத்தெருக்காரர் கம்பைத் தரையில் தட்டினார். “பாத்தீரா? ஆளவச்சி வாங்கப் பாக்காரு. இது மேலத்தெருப் புத்தி.”

“எந் தெரு ஆளு இல்லவே இது. மொகரயப் பாத்தாத் தெரியல? ஒம்ம தெருப் பயதான்.”

“எங்க தெருவுல இம்புட்டு அழுக்குச் சட்டையோட எவன்வே சபைக்கு வருவான்?”

“நான் எந்தத் தெருவும் இல்ல” என்றேன். “பேரு கோமதிநாயகம். குடோன் மாடி.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குடோன் மாடி ஒங்க கணக்குல்லா?” என்றார் மேலத்தெருக்காரர்.

“இல்லவே, ஒங்க கணக்கு.”

“நாங்க வரி வாங்குனதே இல்லயே.”

“நாங்க மட்டும் வாங்குனமாக்கும்?”

இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். தங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்று தேடிப் பார்த்தார்கள். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே அவர்களுக்கு வருத்தமாக இருந்தது.

“கணக்குல இல்லாதவன் வாங்குனா வாங்குனதா அர்த்தமா?” என்று கீழத்தெருக்காரர் மெல்லக் கேட்டார்.

“யாராவது வாங்கித் தொலைங்களேன்” என்று ஒரு குரல் கேட்டது. ராஜா. அவருடைய உதடுகளும் அசையவில்லை. “கை போயிட்டுது. ஒருநாள் கீழ வச்சிரட்டுமான்னு கேட்டேன். சட்டத்தக் கீழ வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. வேற கையில மாத்திக்கிடலாமான்னு கேட்டேன். ரெண்டு கையிலயும்தான் இருக்குன்னாங்க.”

அருகில் பார்க்க அவர் வயதானவராக இருந்தார். மீசைக்குக் கீழே வேர்த்திருந்தது. யாரும் துடைத்துவிடவில்லை.

சபையில் வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். என்னிடம் துண்டு இல்லை. கைக்குட்டையைப் பெல்ட்டில் செருகிக்கொண்டேன். திரும்பி அவளை ஒருமுறை பார்த்தேன். அவள் குடைக்காரரின் தோளுக்கு மேலே எக்கி நின்றுகொண்டிருந்தாள். நுனிவிரலில் நின்றால் வலி கூடும் என்று சைகை செய்தேன். அவள் முதலில் வேலையைப் பார்க்கும்படி சைகை செய்தாள்.

முன்பக்கம் திரும்பினேன். இரண்டு கைகளையும் நீட்டினேன்.

ராஜா புத்தகத்தை என் கைகளில் வைத்தார். அது கல்லைப்போல் கனத்தது. அவருடைய கைகள் அதன்பிறகும் கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தன. மடக்குவது எப்படி என்று அவருக்கு நினைவு வரவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார். பின்னால் தடவிப் பார்த்துச் சிம்மாசனத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நல்லா இருப்பா” என்றார்.

எனக்குப் பின்னால் ஊர் உட்காரத் தொடங்கியது. பழைய ஆட்கள் முழங்காலை மடக்கியபோது சாயம் வெடிக்கும் சத்தம் கேட்டது. கொத்தனாரின் கரண்டி தரையில் விழுந்தது. குடை மூடப்பட்டது. முகம் இல்லாதவர்களும் உட்கார்ந்தார்கள். அது மழை நிற்கும் சத்தம்போல் இருந்தது.

என் பக்கத்தில் மேலத்தெருக்காரர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அடுத்து எங்க தெருதான்” என்றார்.

“உக்காந்த எடத்துல சொல்லுதேன், நடக்காதுவே” என்றார் கீழத்தெருக்காரர்.

நான் அவர்கள் பேசியதைக் கேட்கவில்லை. அந்தச் சத்தங்களுக்குள் ஒரு சத்தத்தைத் தேடினேன். அது உடனே வரவில்லை. அவள் எப்போதும் மற்றவர்கள் உட்கார்ந்தபிறகுதான் உட்காருவாள். சேலை கசங்காமல் ஒதுக்கிக்கொள்வாள்.

பிறகு வந்தது. முதலில் வலது முழங்கால் சொடுக்கியது. அப்புறம் இடது முழங்கால். அதன்பின் நீளமான ஒரு மூச்சு.

“உக்காந்துட்டியா?” என்று கேட்டேன். ராஜாவின் முகத்தைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

“உக்காந்துட்டேன்” என்றாள். “கால நீட்டிருக்கேன்.”

ராஜா தூங்கிவிட்டார். அவர் முழங்காலில் இடிக்காமல் புத்தகத்தைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.